கைப்பேசிப் படத்தை விட்டு, பொருளை நேரே பார்த்து வரைய மாணவர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வி: ஓவிய ஆசிரியை, கியூர்பிப், மொரிஷியஸ்

வணக்கம். 12ஆம் வகுப்பில் ஒன்பது பேருக்கு ஓவியம் கற்பிக்கிறேன். கைப்பேசியிலுள்ள முகத்தின்மேல் கட்டம் போட்டு, தாளில் பெரிதாக்கி, கண்ணிமை வரை பிசகாமல் வரைந்துவிடுகிறார்கள். ஆனால் மேசையில் ஒரு செம்பையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் வைத்துவிட்டால் கை ஓடுவதில்லை. செம்பின் வாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, அடியோ நேர்கோடாக முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு, 13ஆம் வகுப்பின் முடிவில், ஹெச்.எஸ்.சி. என்னும் பள்ளியிறுதித் தேர்வு இருக்கும் நிலையில், வகுப்பில் கைப்பேசியை அறவே தடுத்துவிடுவது நல்லதா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், ரோஸ் ஹில்

அம்மா, அந்த நேர்கோட்டில்தான் விடை இருக்கிறது. செம்பு மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது மாணவருக்குத் தெரியும். ஆகவே தெரிந்ததை வரைகிறார், கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை. கண்மட்டத்துக்குக் கீழே செல்லச் செல்ல வட்டம் அகன்று தெரியும் என்பதால், செம்பின் அடிவளைவு வாயின் வளைவைவிடச் சற்று உருண்டையாகவே இருக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டி, பென்சிலால் வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

நான் அடுத்து எப்போதும் செய்தது, பொருளை விட்டுவிட்டு அதன் இடைவெளிகளை வரையவைப்பது. தைப்பூசத்துக்குப் பின் ஒரு மாணவர் வீட்டிலிருந்து பூவெல்லாம் உதிர்ந்த காவடிச் சட்டத்தை வாங்கி வந்து வைத்தேன். வளைவுக்கும் தண்டுக்கும் நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் கரிக்கோலால் நிரப்பச் சொன்னபோது, வெற்றிடத்துக்கென்று மனத்தில் முன்பே பதிந்த வடிவம் எதுவும் இல்லாததால், எல்லோரும் வேறு வழியின்றி உற்றுப் பார்த்தார்கள். அழிப்பானை மட்டும் முதல் மாதம் பூட்டி வையுங்கள்.

மறுமொழி 2: 13ஆம் வகுப்பு ஆசிரியர், போர்ட் லூயிஸ்

தடை வேண்டாம் என்பது என் கருத்து. ஹெச்.எஸ்.சி.க்கு நாம் பின்பற்றும் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில், முன்கூட்டியே தரப்படும் தலைப்புக்கான ஆயத்தப் படங்களை மாணவர் செய்துகொண்ட பிறகே, 15 மணி நேரக் கண்காணிப்புத் தேர்வில் இறுதி ஓவியம் தீட்டப்படுகிறது. பார்த்துப் பதிவது, பலவகை வரைபொருள்களைக் கொண்டு முயன்று பார்ப்பது, கருத்தை வளர்ப்பது, இறுதியாகப் படைப்பது ஆகிய நான்குமே மதிப்பிடப்படுகின்றன. இணையத்தில் கிடைத்த நடிகர் முகத்தை அச்சாகப் பெயர்த்தவருக்கு இவற்றில் காட்ட ஏதும் இருக்காது. மாணவர் தாமே எடுத்த புகைப்படம் வேறு வகை; அதே இடத்தில் நின்று வரைந்த இரண்டு கோட்டுப்படங்களோடு சேர்த்துத் தந்தால்தான் ஏற்பேன் என்று விதி வைத்திருக்கிறேன். முனகுகிறார்கள், ஆனால் செய்கிறார்கள்.

மறுமொழி 3: ஓவியர், மொக்கா

உங்கள் மேசை எந்தச் சன்னலோரம் இருக்கிறது? வடக்குச் சன்னலின் ஒளியே நிலையானது என்று நம் கைக்கு வரும் பிரெஞ்சு, ஆங்கில நூல்கள் கூறுவது வட அரைக்கோளத்துக்கே பொருந்தும். தென் அகலக்கோடு 20 பாகையில் உள்ள நம் தீவில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், நமக்குத் தெற்குச் சன்னலே ஏற்றது. டிசம்பரை ஒட்டிய சில வாரங்கள் மட்டும் விதிவிலக்கு, அப்போது எப்படியும் விடுமுறைதான். நிழல் நகர்ந்துகொண்டே இருந்தால், புகைப்படத்தின் அசையாத நிழலைத்தானே பிள்ளைகள் நாடுவார்கள்!

வண்ணத்துக்கு வரும்போது குழாயிலுள்ள பச்சையை ஒளித்துவிட்டு, அல்ட்ராமரின் நீலத்தோடு காவி மஞ்சளைக் கலந்து கரும்புத் தோட்டத்தைத் தீட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் நீர்வண்ணம் காய நேரமெடுக்கும் என்பதால், ஒரே வேளையில் இரண்டு தாள்களில் மாறி மாறி வேலை செய்யட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. என் மேசை வடக்குச் சன்னலோரம்தான் இருந்தது. இன்று காலை மாணவர்களே அதைத் தூக்கி மாற்றினார்கள். காவடிச் சட்டத்துக்கு ஒரு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.