ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி: மகளை எந்த வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்று வசிக்கிறோம். எங்கள் மகள் வரும் ஆகஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இளநிலைப் படிப்பில் சேரவிருக்கிறாள். அவளுக்கு வந்த நிதியுதவிக் கடிதத்தில் மானியம், கடன் ஆகியவற்றுக்குக் கீழே "ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி: 2,400 டாலர்" என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தொகையையும் கழித்தே நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கட்டணப் பட்டியல் வந்தபோது அது கழிக்கப்படவே இல்லை.

பணத்தைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. படிக்கிற காலத்தில் படிப்பைத் தவிர வேறெதிலும் கவனம் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நானும் என் மனைவியும். முதல் ஆண்டிலேயே இத்திட்டத்தின் கீழ் பகுதிநேர வேலைக்குப் போவதால் அவள் உண்மையில் எதையாவது கற்றுக்கொள்வாளா, அல்லது மதிப்பெண்தான் குறையுமா? மேலும், இந்தியாவிலிருந்து முதுநிலைப் படிப்புக்காக எஃப்-1 விசாவில் வரவிருக்கும் என் அண்ணன் மகனுக்கும் இத்திட்டம் கிடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஐயா, நான் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் ஆண்டுதோறும் பல பெற்றோருக்கு ஏற்படுவதுதான். கடிதத்தில் உள்ள 2,400 டாலர் கையில் வந்த பணம் அன்று; அந்த அளவு வரை வேலை செய்து சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே. வேலையை மாணவியே தேடி, விண்ணப்பித்து, பெற வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் ஒரு டாலரும் வராது. ஊதியம் மாதம் ஒரு முறையேனும் மாணவிக்கே நேரடியாக வழங்கப்படும். அதைக் கட்டணத்துக்குச் செலுத்துவதும் புத்தகம் வாங்குவதும் அவள் விருப்பம்.

1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தால் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், ஊதியத்தின் பெரும்பகுதியை, பொதுவாக 75 விழுக்காடு வரை, மத்திய அரசு ஏற்கிறது; மீதியைக் கல்லூரி அல்லது வேலை தரும் அமைப்பு கொடுக்கிறது. பேராசிரியர்கள் முதலாண்டு மாணவியைக்கூட ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளத் தயங்காததற்கு இதுவே காரணம்: அவர்களுடைய ஆய்வு நிதியிலிருந்து போகும் தொகை சிறிது.

மதிப்பெண் குறித்த அச்சத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 16 டாலர் ஊதியம் என்று வைத்துக்கொண்டால் 2,400 டாலருக்கு 150 மணி நேரம். 30 வாரக் கல்வியாண்டில் அது வாரத்துக்கு ஐந்து மணி நேரமே. வகுப்பு நடக்கும் நேரத்தில் வேலை வாங்குவதற்கும் பொதுவாக விதி இடம் தருவதில்லை. இன்னொன்று: இதில் ஈட்டும் வருமானம் அடுத்தடுத்த ஃபாஃப்சா (மத்திய அரசின் நிதியுதவிக்கான விண்ணப்பம்) விண்ணப்பங்களின் கணக்கில் கழித்துவிடப்படும், வெளியே கடையில் சம்பாதிக்கும் பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரியானவை. கற்றல் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் இத்திட்டத்தில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவள் நான்.

முதல் பருவத்தில், முதலில் கண்ணில் பட்ட வேலையை எடுத்துக்கொண்டேன். விடுதி வாசலில் அமர்ந்து அடையாள அட்டைகளைச் சரிபார்ப்பது. சம்பளம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. இரண்டாம் பருவத்தில், தாவரவியல் துறையின் ஹெர்பேரியத்தில் (உலர்ந்த தாவர மாதிரிகளின் காப்பகம்) ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தேன். உலர்த்தி அழுத்திய செடியைத் தடித்த வெள்ளைத் தாளில் பசையிட்டு ஒட்ட வேண்டும். தண்டு எழும்பாதபடி மெல்லிய துணிப் பட்டைகளால் பிடிக்க வேண்டும். உதிர்ந்த விதைகளைச் சிறு காகித உறையில் போட்டு அதே தாளின் மூலையில் ஒட்ட வேண்டும். ஒரு இலையையாவது திருப்பி ஒட்டு, இல்லாவிட்டால் இலையின் அடிப்பகுதியில் உள்ள மயிர்களைப் பார்க்க விரும்புகிறவர் செடியை உடைக்க வேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் அம்மையார் முதல் நாளே சொன்னார். ஒரு தாவரத்தை எதை வைத்து அடையாளம் காண்கிறோம் என்பதை அந்த ஒற்றைச் சொல்லில் கற்றதுபோல் நான் எந்த விரிவுரையிலும் கற்கவில்லை. பழைய மாதிரிகளின் விவரச் சீட்டுகளில் மங்கிப்போன கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றியபோது, சேகரித்த இடமும் நாளும் இல்லாத மாதிரி ஆய்வுக்கு எவ்வளவு பயனற்றது என்பதும் புரிந்தது. மூன்றாம் ஆண்டில் கோடைக்கால ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது, எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர் அந்த அம்மையார்தான்.

ஆகவே, அறிவிப்புப் பலகையில் முதலில் தெரியும் வேலையில் உங்கள் மகள் நின்றுவிடக் கூடாது. நல்ல இடங்கள் பருவம் தொடங்கிய ஓரிரு வாரங்களில் நிரம்பிவிடுகின்றன. எனவே ஜூலையிலேயே உயிரியல் துறை ஆய்வகங்களுக்கு, தனக்கு ஒர்க்-ஸ்டடி ஒதுக்கீடு உள்ளது என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டு, மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகம் கிடைக்காவிட்டால், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்போ கணிதமோ சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பார்க்கலாம். அதற்கு அரசே முழு ஊதியத்தையும் ஏற்க விதி இருப்பதால் பல கல்லூரிகள் அத்தகைய இடங்களை வைத்திருக்கின்றன. தனக்குத் தெரிந்ததை ஓர் ஏழு வயதுக் குழந்தைக்குப் புரிய வைப்பது எளிய பயிற்சி அன்று.

மறுமொழி 3

உங்கள் அண்ணன் மகனைப் பற்றி மட்டும்: எஃப்-1 விசாவில் வருபவர்களுக்கு மத்திய அரசின் நிதியுதவி எதுவும் கிடையாது, ஆகவே ஒர்க்-ஸ்டடியும் இல்லை. ஆயினும் வளாகத்துக்குள், பருவக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் நடக்கும் வேலைகளை அவர் செய்யலாம். விண்ணப்பிக்கும்போது "ஒர்க்-ஸ்டடி மாணவர்களுக்கு மட்டும்" என்று குறிக்கப்பட்டவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். எச்-4 விசாவில் (பணி விசாவில் வந்தவர்களின் குடும்பத்தினருக்கான விசா) உள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு வளாக வேலைக்கும் அனுமதி இல்லை. இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் அதைப் பதினெட்டு வயதில்தான் அறிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டணக் கணக்கைத் திருத்திவிட்டேன். ஹெர்பேரியம் பற்றிய மறுமொழியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் என்றால் சரி என்று அவரும் ஒப்புக்கொண்டார். மகள் நேற்றிரவே துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்து நான்கு ஆய்வகங்களைக் குறித்து வைத்திருக்கிறாள். முதல் மின்னஞ்சலை நன்னீர் மீன்களை ஆராயும் ஆய்வகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.