புதுப்பிப்பு: மரம் வெட்டும் வேலைக்கு ஏஸா, பிக்கப்பா?

போன மாதம் கேட்டிருந்தேனே, மரம் கழிக்கும் தொழிலுக்கு டாடா ஏஸ் வாங்கலாமா, பொலேரோ பிக்கப் வாங்கலாமா என்று? பாதிப் பேர் “சந்துக்குள்ள போகணும்னா ஏஸ்தான்” என்றீர்கள். நானும் அந்தக் கட்சிதான், ஒரு தூங்குமூஞ்சி மரம் வரும்வரை.

வாடகை ஏஸில் அடிமரத்தை ஏற்றினோம். இரண்டடி விட்டம், மூன்றடி நீளத் துண்டுகள். மூன்றாவது ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை வளைவு போய் நேராகிவிட்டது. எடைமேடையில் பார்த்தால் துண்டு ஒன்று கால் டன்னுக்குப் பக்கம்! பச்சை மரம், பாதி தண்ணீர். முக்கால் டன் வண்டிக்கு அதோடு கணக்கு முடிந்தது. ரம்பம், கயிறு, ஏணி எல்லாம் தரையிலேயே கிடந்தன.

அதனால் 1.7 டன் பொலேரோ, பழைய வண்டிதான், எடுத்துவிட்டேன். பாடி 9 அடி. நீளம் எனக்கு எடையைவிட முக்கியம்: கொப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், சரக்கையும் இறக்கச் சொல்வார்கள். இப்போது கொப்பை எட்டடியாக நறுக்கிக் கதவை மூடிவிடுகிறோம்.

பேட்ஜ் (சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி அனுமதி) வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் லைசென்ஸே போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சந்துப் பிரச்சினை தீரவில்லை. முனையில் வண்டியை நிறுத்தி, தள்ளுவண்டியில்தான் இழுக்கிறோம். பையன்கள் என்னைத் திட்டிக்கொண்டே தள்ளுகிறார்கள்.