கும்பகோணம் பக்கம் பின்சக்கரக் கம்பி மாற்றித் தருபவர் உண்டா?

வணக்கம். நானும் என் நண்பரும் கல்லணையில் தொடங்கி, காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் வரை மிதிவண்டியில் சென்றுகொண்டிருக்கிறோம். நேற்றுத் திருவையாற்றைத் தாண்டியதும், சாலையின் பாதி அகலத்துக்குச் சம்பா நெல் காயப்போட்டிருந்ததால் (அறுவடைக் காலத்தில் அதுதான் அவர்களுக்குக் களம், குறை சொல்ல ஒன்றுமில்லை) நான் ஒதுங்கி ஓட்டியபோது, தார்ப்பாய் பறக்காமலிருக்க வைத்திருந்த கருங்கல்லில் பின்சக்கரம் ஏறி இறங்கியது.

பல்சக்கரப் பக்கத்துக் கம்பிகளில் இரண்டு, அச்சுக்குடத்தில் மாட்டியிருக்கும் வளைவிலேயே அறுந்துவிட்டன. சக்கரம் கோட்டமாகிப் பிரேக் கட்டையில் உரசியதால், பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு, என் பைகளையும் நண்பரின் கேரியரில் ஏற்றி, முன் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாகக் கும்பகோணம் வந்து சேர்ந்தோம்.

இங்கு நாங்கள் விசாரித்த கடையில் 28 அங்குலச் சாதா வண்டிக்கான கம்பிதான் இருந்தது. என்னுடையது 700சி சக்கரம். அதன் விளிம்பு விட்டம் 622 மி.மீ., சாதா வண்டியுடையது 635 மி.மீ. என்பதால் அந்தக் கம்பி பொருந்தவில்லை. மேலும் கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை) கழற்றும் கருவி இல்லாமல் அந்தப் பக்கத்தில் புதுக் கம்பியைக் கோக்கவும் முடியாது.

கம்பியை அளவுக்கு வெட்டி மரை போட்டு, கோட்டமும் எடுத்துத் தருபவர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். நாளை மாலை வரை இங்கேதான் தங்கியிருப்போம்.