பிளெண்டரில் முடியைக் கொத்தாகத் திரட்டும் பிரஷ்: இழைகள் நீண்டுவிடுவதைத் தடுப்பது எப்படி?

முடிச்சு (கேள்வி):

வணக்கம். முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளில், முடி இழைகளைத் துகள்களாகக் கையாளும் பார்ட்டிகிள் எடிட் நிலையில் முடியைச் சீவவும், வெட்டவும், நீட்டிக் குறைக்கவும், உப்பச் செய்யவும் பிரஷ்கள் உள்ளன. ஆனால், ஈரம்பட்ட ரோமம் நுனியில் ஒட்டிக்கொள்வதைப்போல அருகருகே உள்ள இழைகளைத் திரட்டும் பிரஷ் அங்கே இல்லை. சைல்டு துகள்களுக்கு (முதன்மை இழைகளைச் சுற்றித் தானாக உருவாகும் இழைகளுக்கு) கொத்தாக்கும் கிளம்ப் என்ற அமைப்பு இருக்கிறது. என்றாலும், எந்த இழை எந்தக் கொத்தில் சேர வேண்டும் என்பதை அதைக்கொண்டு கையால் தீர்மானிக்க இயலாது. ஆகவே அத்தகைய ஒரு பிரஷ்ஷைப் பைத்தான் நிரல்மொழியில் ஆட்-ஆனாக (பிளெண்டரோடு சேர்க்கும் துணைநிரலாக) எழுதி வருகிறேன்.

மூன்று இடங்களில் சிக்கியிருக்கிறேன். கொத்தின் மையத்தை நோக்கி நுனிகளை இழுக்கும்போது இழைகள் ரப்பர்போல் நீண்டுவிடுகின்றன. 20,000 இழைகள், இழைக்கு 8 புள்ளிகள் என்ற அளவில் மவுஸ் நகர்வுக்கும் திரைக்கும் இடையே பெரும் தாமதம் ஏற்படுகிறது. இவை போதாதென்று, ஒருமுறை பிரஷ்ஷை இழுத்துவிட்டு அன்டூ செய்தால் மவுஸ் நகர்ந்த ஒவ்வோர் அடியும் தனித்தனியாகப் பின்வாங்குகிறது. வழிகாட்ட வேண்டுகிறேன்.

நுண்துகள்:

நீளச் சிக்கலுக்கு விடை பழையது, எளியது. பிரஷ்ஷை அழுத்திய கணத்தில் ஒவ்வோர் இழையின் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சென்று, அடுத்த புள்ளியை அது இருக்கும் திசையிலேயே, முன்புள்ள புள்ளியிலிருந்து பழைய நீளத் தொலைவில் நிறுத்துங்கள். முன்புள்ள புள்ளி என்பது ஏற்கெனவே திருத்தப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும்; திருத்தாத இடத்திலிருந்து அளந்தால் பிழை நுனிக்குக் கடத்தப்படும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நேராக நிற்கும் ஓர் இழையில் 0, 2, 4, 6, 8 என்ற உயரங்களில் ஐந்து புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். நுனியை மட்டும் பக்கவாட்டில் 6 அலகு இழுத்தால் கடைசித் துண்டு 2-இலிருந்து 6.32 ஆகிவிடும், உங்கள் ரப்பர் இதுதான். இழுப்பின் வலுவை வேரில் சுழியமாகவும் நுனியில் முழுமையாகவும் வர்க்க விகிதத்தில் பகிர்ந்தால் புள்ளிகள் 0, 0.375, 1.5, 3.375, 6 என நகரும். கடைசித் துண்டு 3.3 அளவிலேயே நிற்கும். இதன்மேல் நீளத் திருத்தத்தைச் செய்தால் நுனி பக்கவாட்டில் ஏறத்தாழ 4.2, உயரத்தில் 6.5 என்ற இடத்தில் வந்து அமரும். இழையின் மொத்த நீளம் 8 மாறாது. நுனி கேட்ட இடத்திற்கு முழுதாகப் போகவில்லையே என்று எண்ண வேண்டாம். நீளம் மாறாத முடி வளையத்தான் வேண்டும், வளைந்தால் உயரம் குறையத்தான் செய்யும். அடுத்தடுத்த சிறு நகர்வுகளில் அது மையத்தை நெருங்கிவிடும்.

பிளெண்டரின் மூலநிரலில் பார்ட்டிகிள் எடிட் பகுதியைத் திறந்து படியுங்கள். இதே வேலைக்கு அங்கே இரண்டு செயற்கூறுகள் உள்ளன: ஒன்று நீளத்தைக் கட்டாயமாக நிறுத்துவது, மற்றொன்று பலமுறை சுற்றி வந்து இணக்கமான ஒரு நிலையைத் தேடுவது.

அன்டூ பற்றி: ஒவ்வொரு மவுஸ் நகர்வுக்கும் ஆப்பரேட்டரை (பிளெண்டர் நிறைவேற்றும் கட்டளையை) புதிதாக அழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடர்ந்து இயங்கியபடி மவுஸ் நகர்வுகளைக் கவனிக்கும் மாடல் (modal) ஆப்பரேட்டராக எழுதி, பொத்தானை விடும்போது மட்டும் முடிந்தது என்று திருப்பி அனுப்பினால் ஓர் இழுப்புக்கு ஓர் அன்டூதான் பதிவாகும்.

வரைகோல்:

மேலே சொன்ன கணக்கு சரி. தாமதத்திற்கான காரணம் உங்கள் கணக்கில் இல்லை, தரவு சேமிக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. முடியைச் சீவும் கருவிகள் 2008-இல் வெளியான 2.46 பதிப்பில் வந்தவை. அந்த அமைப்பில் ஒவ்வொரு துகளும் தன் புள்ளிகளைத் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறது. எனவே எண்வரிசைகளை விரைவாகக் கையாளும் நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு மொத்தமாக வாசிக்க விரும்பினாலும் 20,000 முறை அழைக்க வேண்டியிருக்கும். 1,60,000 புள்ளிகளைப் பைத்தான் சுழற்சியில் ஒவ்வொன்றாகத் தொடுவதைவிட அது சற்றே மேல், அவ்வளவுதான்.

2022-இல் வந்த 3.3 பதிப்பின் கர்வ்ஸ் (இழைகளை வளைகோடுகளாக வைத்திருக்கும்) முடி அமைப்பில் எல்லா இழைகளின் எல்லாப் புள்ளிகளும் ஒரே தொடர் வரிசையில், பொசிஷன் என்ற ஒரே பண்பாக உள்ளன. ஒரே அழைப்பில், புள்ளிக்கு மூன்று ஆயங்கள் வீதம் 4,80,000 எண்களையும் எடுக்கலாம், மாற்றலாம், திருப்பி வைக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய துகள் அமைப்புக்காக இன்னொரு வரிகூட எழுத மாட்டேன்.

கொத்து மையத்தைத் தேடுவதற்கு, இழுப்பு தொடங்கும்போது வேர்களைக் கொண்டு ஒரே ஒரு முறை கேடி மரம் (அருகிலுள்ள புள்ளிகளை விரைவில் தேட உதவும் தரவமைப்பு) கட்டினால் போதும். பிளெண்டரோடு வரும் மேத்யூட்டில்ஸ் (mathutils) தொகுதியிலேயே அது இருக்கிறது. நுனிகளைக் கொண்டு கட்டாதீர்கள். நுனிகள் நகர நகர அண்டை இழைகள் மாறி, ஓர் இழை இரண்டு கொத்துகளுக்கிடையே தத்தளிக்கும். திரையில் அது துடிப்பதுபோல் தெரியும்.

முடிச்சு:

இருவருக்கும் நன்றி. வர்க்க விகிதப் பகிர்வையும் நீளத் திருத்தத்தையும் சேர்த்ததும் ரப்பர் நின்றுவிட்டது. அன்டூவும் சரியாகிவிட்டது, நீங்கள் ஊகித்த தவறைத்தான் செய்திருந்தேன்.

கர்வ்ஸுக்கு மாறுவதில் ஒரு தயக்கம் இருக்கிறது. நான் செய்துகொண்டிருக்கும் காட்சி பழைய முடி இயக்கவியலையும், புள்ளிகளில் வெயிட் பிரஷ்ஷால் தீட்டிய மதிப்புகளையும் நம்பியிருக்கிறது.

வரைகோல்:

அப்படியானால் காட்சியை அப்படியே விட்டுவிட்டு, பிரஷ்ஷை மட்டும் கர்வ்ஸுக்கு எழுதுங்கள். துகள் அமைப்பைக் கர்வ்ஸாக மாற்றவும், கர்வ்ஸைத் திரும்பத் துகள் அமைப்பாக்கவும் ஆப்பரேட்டர்கள் உள்ளன. வெயிட் மதிப்புகள் இந்தப் போக்குவரத்தில் தப்பும் என்று நம்பி இருக்க வேண்டாம். முதலில் கொத்தாக்கும் வேலையை முடித்து, திரும்ப வந்தபின் வெயிட் தீட்டுவதே பாதுகாப்பு. சுற்றிவளைத்த வழிதான், மறுக்கவில்லை.

நுண்துகள்:

மாற்றுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பழைய அமைப்பில் வேர், மெஷ்ஷின் (உருவத்தின் பரப்பாக அமையும் வலையின்) முகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் சீவிய பிறகு மெஷ்ஷில் ஒரு முகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ முடி முழுவதும் கலைந்துபோகிறது. கர்வ்ஸில் வேர் யூவி ஆயத்தை (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடத்தில் அதன் இடத்தை) கொண்டு தோலோடு ஒட்டுகிறது. இடது காதையும் வலது காதையும் யூவி வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தால், ஒரே ஆயத்திற்கு இரண்டு இடங்கள் இருப்பதால் அங்குள்ள இழைகளைச் சரியாக ஒட்ட முடியாது. டெக்ஸ்சருக்காக (பரப்பின்மேல் ஒட்டும் படத்திற்காக) அப்படி அடுக்கியிருந்தால் அதைத் தொடாமல், முடிக்கென்று பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று படியாத இரண்டாவது யூவி வரைபடம் ஒன்றை உருவாக்கி அதை இணைத்துக்கொள்ளுங்கள்.