கணுவைப் பார்த்துக் கம்பு எடுங்கள்: என் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டக் கல்குளம் வட்டத்தில் எங்கள் ஊர்க் களரியில், அதாவது பயிற்சிக் களத்தில், அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்கச் சேர்ந்த புதிதில், பந்தல் போட்டு மிஞ்சிய மூங்கில் ஒன்றை என் புருவ உயரத்துக்கு வெட்டி நெடுவடியாக, அதாவது நீளக் கம்பாக, எடுத்துச் சென்றேன். மூத்த மாணவர் ஒருவரின் மேலடியைத் தடுத்த முதல் நாளே அது நீளவாக்கில் பிளந்தது. ஒரு சிம்பு முன்கையில் ஏறி, உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

அதை எடுத்துவிட்ட ஆசான், பிளந்த கம்பை என்னிடம் நீட்டி, "உள்ள பாரு மக்களே" என்றார். சுவர் மெலிந்திருந்தது. கணுவை ஒட்டி வெட்டாமல் நான்கு விரல் தள்ளி வெட்டியிருந்ததால், நுனி வெறும் குழாயாக நின்றது. உள்ளே மாவு போன்ற தூள் உதிர்ந்தது. மாவுச்சத்து மிகுந்த இளமூங்கிலை வண்டு விரும்பித் துளைக்கும் என்பதாலேயே, மூன்று ஆண்டுகளாவது முற்றிய மூங்கிலை வெட்டி, நீரில் பல நாள் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்துகிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அடுத்து அவர் கொடுத்தது கல்மூங்கில். துளை மிகச் சிறியது, கணுக்கள் நெருக்கமானவை. வீச்சின்போது அதன் கனம் நுனிவரை கைக்குத் தெரிந்தது.

எதிராளியோடு மோதும் பயிற்சிக்கு மட்டும் அவர் பிரம்பையே அனுமதித்தார். பிரம்பு, துளையில்லாத கொடி. அடிபட்டால் மூங்கிலைப் போலக் கூரிய சிம்பாகத் தெறிக்காமல், நுனி நார்நாராகப் பிரியும். சிறுவர்களுக்கு முதல் கம்பாகப் பிரம்பைத்தான் வாங்கித் தர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். வளைந்துபோனால் மெல்லிய அனலில் காட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

குறுவடி என்னும் குட்டைக் கம்புக்கு எங்கள் களரியில் புளிய மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை. ஒருமுறை நாகர்கோவிலில் கராத்தே பயிலும் நண்பரின் கருவாலி மரக் கம்பைச் சுழற்றிப் பார்த்தேன். ஜப்பானிய அளவில் ஆறு ஷாகு, அதாவது ஏறத்தாழ 182 சென்டிமீட்டர் நீளம். வளைந்து கொடுக்காத அந்த மரத்தில் ஒவ்வொரு மோதலும் மணிக்கட்டில் வந்து இறங்கியது.

இப்போது என்னிடம் ஒரு கல்மூங்கிலும் ஒரு பிரம்பும் உள்ளன. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். சுவரில் சாய்த்து வைத்த என் முதல் பிரம்பு ஓர் ஆடிச் சாரலுக்குள் வில்லாகிவிட்டதால், இரண்டையும் உத்தரத்தில் படுக்கவைத்தே பாதுகாக்கிறேன்.