உதவி: அக்காவுக்குப் பிறந்த தேதி இரண்டு, பாஸ்போர்ட் கிடைக்குமா?

முகாம்தம்பி:
வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அப்பா அம்மா 85-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அக்கா ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் 10.5.1987 அன்று பிறந்தாள். அந்த டிஸ்சார்ஜ் சீட்டை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்குள் வைத்திருக்கிறார், மடிப்பில் கிழிந்துவிட்டது, ஆனாலும் "பெண், 2.6 கிலோ" என்பதும் தேதியும் தெளிவாகத் தெரிகிறது. இங்கே வந்து பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ஞாபகத்தில் சொன்ன தேதி 4.8.1987. டி.சி, ஆதார், முகாம் பதிவு எல்லாவற்றிலும் அதுதான் ஏறியிருக்கிறது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் இந்தியர் என்று யாரோ சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் தாளைக்கூடப் பார்க்காமல் "அகதிக்கு எதுக்குப் பாஸ்போர்ட்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் 90-ல் பிறந்தவன், எனக்கு வழி உண்டா?

குழித்துறை வக்கீல்:
தம்பி, யாரோ சொன்னது சரிதான். குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3: 26.1.1950 முதல் 1.7.1987-க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். ஆக உங்கள் அக்கா விஷயம் முழுக்க அந்த மூன்று மாத வித்தியாசத்தில்தான் நிற்கிறது. இப்போதே ஆகஸ்ட் தேதியை வைத்து விண்ணப்பம் போடாதீர்கள், பிறகு அதையே காட்டி மடக்குவார்கள். முதலில் ராமநாதபுரத்தில் பிறப்புப் பதிவைத் தேடுங்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் பெரும்பாலும் பதிந்திருப்பார்கள். குழந்தை பெயர் இல்லாவிட்டாலும் பெற்றோர் பெயரும் தேதியும் இருந்தால் நகல் வாங்கிவிடுங்கள். பதிவே இல்லையென்றால் தாமதப் பதிவுக்கு மனு போடலாம், அதற்கு அந்தச் சீட்டுதான் உயிர். இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.

உங்களுக்கு வழி கடினம். 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர்களுக்கு அம்மா அல்லது அப்பா இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

பழைய முகாம்காரி:
ஒன்று கேட்கிறேன், அக்கா சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமை எடுத்தாரா? ஊர் திரும்பும் ஆசையில் எங்கள் லைனிலேயே பலர் எடுத்தார்கள். விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

முகாம்தம்பி:
இல்லை அக்கா, ஃபாரம் வாங்கி வைத்தோம், கொடுக்கவில்லை. அப்புறம், 2025 செப்டம்பரில் ஏதோ விலக்கு வந்ததே, அது எனக்கு உதவாதா?

குழித்துறை வக்கீல்:
நல்லவேளை, அந்த ஃபாரத்தைத் தொடவேண்டாம். நீங்கள் சொல்லும் விலக்கு, 9.1.2015 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கக்கூடாது என்பதற்கு. அது பாதுகாப்பு, குடியுரிமை இல்லை. அக்காவுக்கு வக்கீல் செலவு வேண்டாம். நாகர்கோவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிட்டாலும் சொல்வார்கள். "தாளைப் பார்க்கவே இல்லை" என்றீர்களே, இனி எங்கே போனாலும் மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

முகாம்தம்பி:
சரி அண்ணா. திங்கட்கிழமை நானும் அம்மாவும் ராமநாதபுரம் போகிறோம், முகாமில் சொல்லிவிட்டேன். சீட்டை அம்மா என் கையில் தரமாட்டாராம், அவரே கொண்டுவருகிறார்.