புதுப்பிப்பு: வேலூரில் விளையாட இடம் பிடிப்பது

வேலூர், காட்பாடி பக்கம் விளையாட இடம் தேடும் வழிகளை முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். விட்டுப்போனவை இங்கே.

அரசு மைதானத்தில் போட்டி நடத்த, மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கு மனு கொடுங்கள். "ஒருநாள் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் இழுத்துக்கொண்டே போகும். தேதி, மாற்றுத் தேதி, "காலை 6 முதல் 10 வரை" என நேரம், எந்த ஆட்டம், எத்தனை பேர், பொறுப்பாளரின் கைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். அனுமதிக் கடித நகலைக் கையிலேயே வைத்திருங்கள். வாசலில் காவலாளி அதைத்தான் கேட்பார். விளக்குக் கட்டணம் தனியா என்று முன்பே கேளுங்கள்.

வேலூர் நேதாஜி மைதானத்தை ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டிய நாட்களில் நம்ப வேண்டாம். அணிவகுப்பும் அதற்கான ஒத்திகையும்தான் முதலில்.

இறகுப்பந்துத் தளம் 13.4 மீட்டர் நீளம், இரட்டையருக்கு 6.1 மீட்டர் அகலம். ஆனால் பணம் கட்டுமுன் பின்கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுவரை ஒட்டிய தளத்தில் பின்னால் ஓடி அடிப்பவருக்கு அடிபடும். நம்மூர் மே மாதச் சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால் இறகுப்பந்து வேகமாகப் பறந்து பின்கோட்டைத் தாண்டும். பந்தின் வேக எண் (எண் குறைந்தால் பந்து மெதுவாகப் பறக்கும்) 77-க்குப் பதில் 76 வாங்குங்கள்.